மேகோமின் ஜூரிப் பட்டியல்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960 ஜூலையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962-இல் படமாகி, வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்சாக நடித்த கிரெகரி பெக்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் அட்டிகஸ் ஆற்றும் கடைசி உரையில்தான் வந்து நிற்கிறார்கள். டையைத் தளர்த்தி, கோட்டைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வெள்ளைக்காரர்களின் மனசாட்சியிடம் அவர் மன்றாடும் இடம் அது. உரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஜூரி, அந்தப் பன்னிரண்டு பேர் யார், அவர்களை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது யார் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. அட்டிகஸ் வாய் திறப்பதற்கு வெகு முன்பே, ஜூரிப் பட்டியலில் பெயர்கள் எழுதப்பட்ட அன்றைக்கே, அவர் யாருக்காக வாதாடினாரோ அந்தக் கறுப்பர் டாம் ராபின்சனின் முடிவும் எழுதப்பட்டுவிட்டது. நாவலுக்கு இது தெரியும். தீர்ப்பெல்லாம் முடிந்த பிறகு, 23ஆம் அத்தியாயத்தில், தந்தையும் மகனும் பேசிக்கொள்ளும் சில பக்கங்களில் அதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறது. வேகமாகப் புரட்டிவிடக்கூடிய அந்தப் பக்கங்களை நடுவில் வைத்துப் படித்தால் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற அந்தச் சின்ன ஊர் எப்படி இயங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் வழக்கு. நவம்பர் 21ஆம் தேதி இரவு பாப் யூவெல் ஷெரிஃபிடம் ஓடுகிறான். தன் மகள் மயெல்லாவை டாம் ராபின்சன் பலாத்காரம் செய்துவிட்டதாகப் புகார். மயெல்லாவுக்குப் பத்தொன்பது வயது, டாமுக்கு இருபத்தைந்து. அவன் மணமானவன், மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். ஷெரிஃப் போய்ப் பார்த்தபோது அவள் அடிபட்டுக் கிடந்தாள். அரசுத் தரப்பிடம் இருப்பது அவ்வளவுதான். யாருமே டாக்டரைக் கூப்பிடவில்லை. பலாத்காரம் நடந்ததா என்பதற்கு மருத்துவச் சான்று ஒரு வரிகூடக் கிடையாது. அட்டிகஸின் குறுக்கு விசாரணை இந்த ஓட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. 'டாக்டரைக் கூப்பிட்டீர்களா' என்ற கேள்வியை அவர் மாற்றி மாற்றிக் கேட்பது அதனால்தான்.

அடுத்தது காயம். எந்தக் கண் வீங்கியிருந்தது என்று கேட்டால் ஷெரிஃப் முதலில் இடது கண் என்கிறார். யோசித்துப் பார்த்து, எனக்கு எதிரே நின்றவளுக்கு அது வலது கண் என்று திருத்திக்கொள்கிறார். கழுத்தைச் சுற்றிலும், முன்னும் பின்னும், விரல் பதிந்த தடம் இருந்ததாகவும் சொல்கிறார். எதிரே நிற்பவர் ஒருவரின் முகத்தில் வலப்பக்கமாக அறைய வேண்டுமென்றால் இடது கைதான் வாகு. கழுத்தைச் சுற்றிலும் தடம் பதிய இரண்டு கையும் வேண்டும். அட்டிகஸ் ஓர் உறையையும் பேனாவையும் பாப் யூவெலிடம் கொடுத்து, உன் பெயரை எழுது என்கிறார். அவன் இடது கையால் எழுதுகிறான். பிறகு டாமை எழுந்து நிற்கச் சொல்கிறார். சிறுவயதில் பருத்தி ஜின்னிங் இயந்திரத்தில் மாட்டிச் சிதைந்த இடது கை, வலது கையைவிட ஓர் அடி குட்டையாகத் தொங்குகிறது. சத்தியப் பிரமாணத்துக்காக அதை பைபிள் மேல் வைக்கப் பார்க்கிறான், அது நழுவி விழுகிறது. ஒரு பிரதிவாதியின் உடம்பே தனக்கு இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்லும் வழக்கு அபூர்வம். லீ இதை வேண்டுமென்றேதான் இத்தனை கெட்டியாகக் கட்டியிருக்கிறார். சாட்சியம் சற்றே இழுபறியாக இருந்திருந்தால், ஜூரி தவறு செய்துவிட்டது என்று சமாதானம் சொல்ல இடம் கிடைத்திருக்கும். அந்த இடத்தை அவர் அடைத்துவிட்டார்.

அப்படியிருந்தும் டாம் எங்கே விழுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் கில்மர் முதலில் அவனுடைய பழைய தண்டனையை எடுக்கிறார். சண்டை போட்டதற்காக முப்பது நாள் சிறை. அந்தச் சண்டையில் இரண்டு பேர்மீதும் குற்றம் உறுதியானது. எதிராளி அபராதம் கட்டிவிட்டுப் போனான். டாமிடம் பணம் இல்லை, உள்ளே போனான். அடுத்து, சம்பளமே இல்லாமல் ஏன் அந்தப் பெண்ணுக்கு வேலை செய்து கொடுத்தாய் என்று கில்மர் கேட்கிறார். டாம் உண்மையைச் சொல்கிறான்: அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவப்பட்டேன் என்று வெள்ளையர் கூடிய அவையில் சொல்லிவிட்டான். பரிவு மேலிருந்து கீழே பாய வேண்டிய ஊரில் அது திசை மாறிப் பாய்ந்துவிட்டது. கில்மர் அந்த வாக்கியத்தை அப்படியே ஜூரியின் முன் தூக்கிக் காட்டுகிறார். சட்டப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. சொல்லி முடித்ததுமே, தவறிச் சொல்லிவிட்டோம் என்று டாமுக்கே தெரிந்துவிடுகிறது.

இப்போது அந்த ஜூரி. இடப்பக்கம் நீண்ட ஜன்னல்களுக்குக் கீழே, வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்ற ஆட்கள். எல்லோரும் விவசாயிகள் போலத்தான் இருக்கிறார்கள். ஏன் ஊருக்குள் இருக்கிற கடைக்காரர்கள் ஒருவர்கூட இல்லை? மகன் ஜெம் இதை 23ஆம் அத்தியாயத்தில் கேட்கிறான். அட்டிகஸின் பதில் மிக நடைமுறையானது. சிலருக்கு அக்கறை கிடையாது, மற்றவர்களுக்குப் பயம். இரண்டு வாடிக்கையாளர்களுக்குள் வழக்கு வந்தால், கடைக்காரர் எந்தப் பக்கம் தீர்ப்பு சொன்னாலும் ஒரு வாடிக்கை போய்விடும். எனவே கண்ணியமானவர்கள் என்று ஊர் மதிக்கும் ஆட்கள் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அதே பேச்சில் இன்னொரு தகவலும் வருகிறது: அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்காரவே முடியாது. அது கதைக்காகச் சொன்னதல்ல, அன்றைய சட்டம். 1966-இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தச் சட்டம் ஒழிந்தது. மயெல்லாவின் வழக்கைக் கேட்ட ஜூரியில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு கறுப்பரும் இல்லை.

கறுப்பர்கள் இல்லாமல் போனது எப்படி? வெள்ளையர் மட்டும்தான் ஜூரி என்று அலபாமா சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் உச்ச நீதிமன்றம் என்றைக்கோ அடித்து நொறுக்கியிருக்கும். சட்டம் சொன்னது வேறு. அலபாமாவில் மாவட்டத்துக்குக் கவுன்டி என்று பெயர். ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு ஜூரி ஆணையம். 21 வயதுக்கு மேல் 65-க்குள் உள்ள ஆண்களில், நேர்மையும் அறிவும் உள்ளவர், நல்லொழுக்கமும் நிதான புத்தியும் உடையவர் என்று ஊரில் மதிக்கப்படுகிறவர்களின் பெயர்களை அந்த ஆணையம் ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரைப் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. பார்க்க எவ்வளவு நியாயமான விதி! பாகுபாடு முழுக்க 'மதிக்கப்படுகிறவர்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டது. யார் மதிக்கிறார்கள், யாரை என்பதை ஆணையத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் முடிவு செய்தார்கள்.

படிக்கத் தெரிய வேண்டும் என்ற விதியின் கனம் 12ஆம் அத்தியாயத்தில் தெரியும். சமையல்காரி கல்பர்னியா குழந்தைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே பாட்டுப் புத்தகங்கள் கிடையாது. அவள் மகன் ஸீபோ, ஊரின் குப்பை வண்டிக்காரர், ஒவ்வோர் அடியாக முன்னால் வாசிக்கிறார், சபை திருப்பிப் பாடுகிறது. ஏனென்றால் அந்தச் சபையில் எழுத்துத் தெரிந்தவர்கள் நாலே பேர். ஸீபோ சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடமே இல்லை. கல்பர்னியா பைபிளையும் பிளாக்ஸ்டோனின் சட்ட நூலையும் வைத்துக் கற்றுக்கொடுத்தாள். ஆங்கிலச் சட்டத்தின் ஆதார நூலைப் படித்து எழுத்துக் கற்ற ஒரு மனிதர் ஊர்க் குப்பையை அள்ளுகிறார், ஜூரிப் பேரேட்டில் அவர் பெயர் வராது. லீ இதற்கு விளக்கமே கொடுப்பதில்லை. அந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

நாவலில் ஆண்டு நேரடியாகக் குறிக்கப்படவில்லை. குறிப்புகளைக் கோத்துப் பார்த்தால் விசாரணை நடப்பது 1935 கோடையில். அந்த ஆண்டுதான் இந்த ஜூரிப் பேரேடு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மேசைக்கே போனது.

1931 மார்ச் 25 அன்று அலபாமாவின் பெயின்ட் ராக் நிலையத்தில் ஒரு சரக்கு ரயிலிலிருந்து ஒன்பது கறுப்புப் பையன்களை இறக்கினார்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், விக்டோரியா பிரைஸும் ரூபி பேட்ஸும், பலாத்காரம் என்று சொன்னார்கள். ஸ்காட்ஸ்பரோ ஊரில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. முறையான வழக்கறிஞர் உதவியில்லாமல் நடந்த விசாரணை செல்லாது என்று 1932-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1933-இல் மறுவிசாரணை. ரூபி பேட்ஸ் நீதிமன்றத்துக்கே வந்து, பலாத்காரம் நடக்கவில்லை, நாங்கள் சொன்னது பொய் என்றாள். ஜூரி அப்போதும் மரண தண்டனைதான் கொடுத்தது. நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் சாட்சியத்தை அலசிப் பார்த்து அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். 1934 தேர்தலில் அவர் பதவி போயிற்று. அலபாமாவில் நீதிபதிகள் மக்கள் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த ஒன்பது பேரில் ஒருவரான கிளாரன்ஸ் நாரிஸின் மேல்முறையீட்டில் வழக்கறிஞர் சாமுவேல் லைபோவிட்ஸ் ஜூரிப் பேரேட்டையே குறிவைத்தார். ஸ்காட்ஸ்பரோ இருக்கும் ஜாக்சன் கவுன்டியில் 21 வயதைத் தாண்டிய ஆண்கள் 8,801 பேர், அதில் கறுப்பர்கள் 666. அங்கே ஒரு கறுப்பர் ஜூரியில் உட்கார்ந்து பார்த்ததாக வயதானவர்களுக்குக்கூட நினைவில்லை. பேரேட்டில் ஆறு கறுப்பர்களின் பெயர்கள் இருக்கின்றனவே என்றது மாநில அரசு. புதிதாகப் பொறுப்பேற்ற எழுத்தர் பழைய பட்டியல் முடிந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். கறுப்பர்களின் பெயர்கள் அந்தக் கோட்டின்மேல் ஏறி எழுதப்பட்டிருந்தன, அதாவது கோடு போட்ட பிறகு செருகியவை என்று கையெழுத்து நிபுணர் சாட்சி சொன்னார். உச்ச நீதிமன்றத்தில் லைபோவிட்ஸ் பேரேட்டையும் பூதக்கண்ணாடியையும் நீதிபதிகளிடம் நீட்டினார். அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். 1935 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பு வந்தது. கறுப்பர்களைத் திட்டமிட்டு விலக்கிய ஜூரி செல்லாது. மறுவிசாரணை நடந்த மார்கன் கவுன்டியின் ஆணையர் ஒருவர், சட்டம் கேட்கும் தகுதியுள்ள கறுப்பர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார். இத்தனை பேரில் ஒருவருக்கும் தகுதியில்லை என்பதை நம்ப முடியாது என்றது நீதிமன்றம்.

அலபாமா ஆளுநர் பிப் கிரேவ்ஸ், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு ஜூரிப் பட்டியலில் கறுப்பர்களைச் சேர்க்கும்படி மாநிலம் முழுக்கக் கடிதம் அனுப்பினார். மேகோமின் கோடைக்காலம் இதற்குச் சில மாதங்கள் கழித்து வருகிறது. அட்டிகஸ் நாட்டுப்புற வக்கீல் மட்டும் இல்லை, மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும்கூட. தலைநகர் மான்ட்கமரிக்குப் போய் வருகிறவர். பட்டியலை எதிர்த்து ஒரு மனு போட்டிருந்தால், உள்ளூர் நீதிபதி தள்ளினாலும் மேல்முறையீட்டுக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. நாவலில் அப்படி ஒரு மனு இல்லை, அதைப் பற்றிய பேச்சும் இல்லை. வியப்பு என்னவென்றால், உச்ச நீதிமன்றம் நாவலுக்குத் தெரியாத இடமில்லை. 27ஆம் அத்தியாயத்தில் கடைகளில் ஒட்டியிருந்த என்.ஆர்.ஏ. (தேசிய மீட்புச் சட்டம்) ஸ்டிக்கர்களைக் கிழிக்கிறார்கள். ஏன் என்று மகள் ஸ்கவுட் கேட்க, அந்தச் சட்டம் செத்துப்போனது என்கிறார் அட்டிகஸ். யார் கொன்றது? ஒன்பது கிழவர்கள். அது 1935 மே மாதத் தீர்ப்பு. அதே நீதிமன்றம் எட்டு வாரம் முன்பு அலபாமா ஜூரிகளைப் பற்றிச் சொன்னது மட்டும் மேகோம் காதில் விழவில்லை.

இதை லீயின் கவனக்குறைவு என்று சொல்ல மனம் வரவில்லை. அவருடைய அப்பாவே வக்கீல், சட்டமன்ற உறுப்பினர். லீயும் சட்டக் கல்லூரியில் படித்தவர். அட்டிகஸை அப்படித்தான் எழுத முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அட்டிகஸ் நீதிமன்றத்துக்குள் உயிரைக் கொடுத்து வாதாடுவார். நீதிமன்றத்தை ஊர் எப்படி அமைத்திருக்கிறதோ அதில் கை வைக்க மாட்டார். அண்டை வீட்டாரை நம்புகிற மனிதர் அவர். பட்டியலை எதிர்ப்பதென்றால் ஜூரி ஆணையத்தில் இருக்கிற தெரிந்தவர்களை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டும்.

மேகோமின் அமைப்பை லீ தரையில் வரைந்தே காட்டுகிறார். ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னால் யூவெல் குடும்பம், ஒரு காலத்தில் கறுப்பர் குடியிருந்த குடிசையில். அங்கிருந்து ஐந்நூறு கெஜம் தள்ளிக் கறுப்பர் குடியிருப்பு, துப்புரவாக, அடுப்புப் புகையோடு. வேலியோரம் எனாமல் பெயர்ந்த ஆறு ஜாடிகளில் சிவப்பு ஜெரேனியம் செடிகளை மயெல்லா வளர்க்கிறாள். அந்த வீட்டில் அழகு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். தம்பி தங்கை ஏழு பேரையும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொள்ள ஊருக்குள் அனுப்ப, ஏழு ஐந்து சென்ட் நாணயங்களைச் சேர்க்க அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. வருஷம் முழுக்க முப்பத்தைந்து சென்ட். அதே ஊரில் மிஷனரிச் சங்கத்து மெர்ரிவெதர் அம்மாள், பாவம், பஞ்ச காலமாயிற்றே என்றுதான் கறுப்பு வேலைக்காரி சோஃபியை வேலையில் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். சோஃபிக்கு வாரச் சம்பளம் ஒன்றேகால் டாலர். பாப் யூவெலுக்கு நிலமோ வேலையோ மதிப்போ கிடையாது. அரசு உதவிப் பணத்தைக் குடித்துத் தீர்க்கிறவன். தோலின் நிறம் ஒன்றுதான் அவனுடைய சொத்து. மகள் ஒரு கறுப்பனைக் கட்டிப்பிடித்ததை ஜன்னல் வழியே பார்த்தபோது அந்தச் சொத்தும் பறிபோனது. ஜூரிப் பெட்டியில் இருந்த விவசாயிகளில் பலர் அவனைவிட ஒன்றிரண்டு படி மேலே இருந்தவர்கள். யூவெலை அவர்கள் மதிக்கவில்லை. டாமை விடுவித்தால் அந்தப் படிகளே ஆட்டம் காணும். ஏழை வெள்ளையர் பணக்கார வெள்ளையரைவிடக் கொடியவர்கள் என்று காட்டுவதாக இந்த நாவல் மேல் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மெர்ரிவெதர் அம்மாளின் வரவேற்பறையை மறந்தால்தான் அந்தக் குறையை முழுதாகச் சொல்ல முடியும்.

டாமைக் கொல்ல வந்த கும்பல் சிறை வாசலில் கலையும் காட்சி பலருக்குப் பிடித்தமானது. சிறுமி ஸ்கவுட் கும்பலில் இருந்த கன்னிங்ஹாமிடம் அவர் மகனைப் பற்றி விசாரிக்க, அவர் வெட்கப்பட்டுக் கும்பலைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். நாவலில் என்னால் நம்ப முடியாத இடம் அதுதான். 1933 ஆகஸ்டில் டஸ்கலூசா அருகே ஷெரிஃபின் ஆட்கள் கூட்டிச் சென்ற கறுப்பு இளைஞர்களைக் கும்பல் பறித்துக்கொண்டு போய்ச் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். அந்தக் கும்பலிலும் மகன்களைப் பெற்ற அப்பாக்கள் இருந்திருப்பார்கள்.

இனி மேல்மாடம். நீதிமன்றத்தின் மூன்று சுவர்களையும் ஒட்டி ஓடும் கறுப்பர் மாடம். வெள்ளையர் எல்லோரும் ஏறும்வரை கறுப்பர்கள் படிக்கட்டில் காத்திருந்துதான் மேலே போக முடியும். அங்கேயும் ஃபின்ச் குழந்தைகள் வந்ததும் முன்வரிசையில் நான்கு பேர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு அட்டிகஸ் வெளியே நடக்கும்போது மாடம் முழுதும் எழுந்து நிற்கிறது. படிக்கிறவர்களை அழவைக்கும் இடம். எனக்கும் அந்த மரியாதை உண்மையானதாகவே தெரிகிறது. ஆனால் அந்த நொடியில் மாடத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், டாமின் மனைவி ஹெலன் அன்றிரவு என்ன செய்தாள், கல்பர்னியா தன் வீட்டில் போய் என்ன பேசினாள் என்று நாவல் சொல்வதில்லை. சொல்ல முடியாது. கதை சொல்கிறவள் ஒரு வெள்ளைக்கார வக்கீலின் மகள், அவள் பார்வை எட்டும் தூரம் வரைதான் நமக்குத் தெரியும். ஹெலனைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாக வருகிறது. அவளுக்காகத் தேவாலயத்தில் பத்து டாலர் சேரும்வரை போதகர் கதவைச் சாத்திவைக்கிறார். புதிதாகக் கிடைத்த வேலைக்குப் போக, யூவெல் வீட்டைத் தவிர்த்து ஏறக்குறைய ஒரு மைல் சுற்றி நடக்கிறாள். அந்த ஒரு மைலைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் இருந்திருந்தால் நாவல் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். டாம் சிறைப் பண்ணையில் வேலி ஏறும்போது பதினேழு குண்டு பாய்ந்து சாகிறான். ஊர் இரண்டு நாள் பேசிவிட்டு மறக்கிறது. அவன் ஏன் ஓடினான் என்பதை அவன் வாயால் நாம் கேட்பதே இல்லை. வெள்ளைக்காரர்களின் முயற்சியை நம்பி நம்பி அலுத்துப் போயிருப்பான் என்பது அட்டிகஸின் ஊகம்.

2015-இல் வெளியான 'கோ செட் எ வாட்ச்மேன்' லீ இந்த நாவலுக்கு முன்பே எழுதிய பிரதி. அதில் வளர்ந்துவிட்ட மகள் அதே மேல்மாடத்திலிருந்து கீழே பார்க்கிறாள். பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த 1954 தீர்ப்பை எதிர்க்கும் வெள்ளையர் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பலர் அதிர்ந்துபோனார்கள். ஜூரிப் பேரேட்டில் கை வைக்காத அட்டிகஸைக் கவனித்தவர்களுக்கு அதிர்ச்சி சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.

மேகோமுக்கு மூலம் மன்ரோவில் (Monroeville) என்ற ஊர், லீ பிறந்து வளர்ந்த இடம். அவர் சிறுமியாக இருந்தபோது, 1933-இல், வால்டர் லெட் என்ற கறுப்பர்மேல் அங்கே பலாத்கார வழக்கு வந்தது. 1934-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 1937-இல் காசநோயில் இறந்தார். 1930 முதல் 1972 வரை அமெரிக்காவில் பலாத்காரக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 455 பேர். அவர்களில் 405 பேர் கறுப்பர்கள்.

ஜூரிப் பட்டியலில் பெயர் ஏறியதும் எல்லாம் மாறிவிடவில்லை. 1936 ஜனவரியில் ஸ்காட்ஸ்பரோ வழக்கின் ஹேவுட் பேட்டர்சனை மறுபடி விசாரித்தபோது அழைக்கப்பட்டவர்களில் கறுப்பர்கள் இருந்தார்கள், கடைசியில் பெட்டியில் உட்கார்ந்தது பன்னிரண்டு வெள்ளையர்தான். அவருக்கு 75 ஆண்டு. காரணம் எதுவும் சொல்லாமலே ஓர் ஆளை ஜூரியிலிருந்து நீக்கும் உரிமை வக்கீல்களுக்கு உண்டு. பேரேட்டு வாசல் திறந்ததும் பாகுபாடு இந்த வாசலுக்கு நகர்ந்தது. 1965-இல், இதே அலபாமாவின் டல்லடேகா கவுன்டி வழக்கில், உச்ச நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டது. இன அடிப்படையில் இப்படி நீக்கக் கூடாது என்று 1986-இல்தான் உறுதியாகச் சொன்னது.

23ஆம் அத்தியாயத்துக்குத் திரும்ப வேண்டும். ஜூரியையே ஒழித்துவிடலாம் என்கிறான் ஜெம். அட்டிகஸ் வேறு வழி சொல்கிறார். மரண தண்டனை வழக்குகளில் தண்டனையை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு மட்டுமே இருக்கும்படி சட்டத்தை மாற்றலாம். அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க மாட்டேன், நீ பார்த்தாலும் கிழவனாகியிருப்பாய் என்றும் சொல்கிறார். நாவலிலேயே மிக நல்ல நோக்கத்தோடு வைக்கப்படும் யோசனை இது.

1981-இல் அலபாமா கிட்டத்தட்ட அப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றாலும் நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதிக்கலாம். மாற்றியும் குறைக்கலாம், ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் கூட்டத்தான் அது பயன்பட்டது, ஏனென்றால் நீதிபதிகள் தேர்தலில் நிற்க வேண்டியவர்கள், ஹார்ட்டனுக்கு நேர்ந்தது அவர்களுக்குத் தெரியும். 1986 நவம்பரில் மன்ரோவில்லில் ஒரு வெள்ளைப் பெண் கொல்லப்பட்டாள். 1987-இல் வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பரைக் கைது செய்து, விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளின் பகுதியில் அடைத்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில், தேவாலயத்துக்காக மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஏராளம், பெரும்பாலும் கறுப்பர்கள். வழக்கு வெள்ளையர் மிக அதிகமாக வாழும் பால்ட்வின் கவுன்டிக்கு மாற்றப்பட்டது. பதினொரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் கொண்ட ஜூரி ஒன்றரை நாளில் குற்றவாளி என்றது. தண்டனையாக ஆயுளைப் பரிந்துரைத்தது. நீதிபதி அதைத் தள்ளி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் மேல்முறையீட்டில் அரசுத் தரப்பின் சாட்சியங்கள் பொய் என்பதைக் காட்டிய பிறகு, 1993 மார்ச்சில் மக்மில்லியன் விடுதலையானார்.

நீதிபதிகளின் அந்த அதிகாரத்தை அலபாமா 2017-இல் நீக்கியது. அதற்கு முன் அப்படித் தண்டனை பெற்று இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் பொருந்தாது.